எழுபத்தாறில் நின்ற முள்

முள் நகர்ந்திருக்கிறது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்க்கிறேன், நகர்ந்துதான் இருக்கிறது. எஃகு முள் எழுபத்தாறில் இல்லை. பித்தளை முள் மட்டும் எழுபத்தாறிலேயே இருக்கிறது, அது இருக்கும், அதை அங்கே வைத்தவன் நான். மீட்டர் கண்ணாடியின் நடுவில் உள்ள குமிழைத் திருகினால் பித்தளை முள் தனியாகச் சுற்றும். விற்பனைக்குப் படம் எடுத்த அன்று அதைத் திருகித் திருகி எஃகு முள்ளின் தலைமேல் பிசகாமல் உட்காரவைத்தேன், இரண்டும் ஒரே முள் போலத் தெரிந்தால் படம் சுத்தமாக இருக்கும் என்று. இப்போது இரண்டுக்கும் நடுவே ஒரு சந்து. கடுகு நுழைகிற சந்து. எடுக்கும்போது இடித்திருப்பேனோ. இடிக்கவில்லை. அலமாரியிலிருந்து மேஜைக்கு இரண்டு கையாலும் ஏந்தி வந்தேன், விளிம்பு வரை தண்ணீர் நிறைந்த சட்டியைக் கொண்டுவருவது போல. பபுள் ஷீட்டில் ஒரு சுற்றுகூட இன்னும் சுற்றவில்லை. சாயங்காலத்துக்குள் கூரியர்காரர் இருசப்பன் வந்துவிடுவார். பொருள் விற்றாகிவிட்டது, பணம் வந்தாகிவிட்டது, ஏற்காட்டில் ஜெயசீலி என்கிற ஒரு டீச்சர் காத்துக்கொண்டிருக்கிறார். விளம்பரத்தில் நான் எழுதியது இது: பழைய ஸ்டீம் மீட்டர், பித்தளை உறை, கண்ணாடி முழுசு, விளிம்பில் அரிசி அளவு நசுங்கல், குழாய் பொருத்தும் வாய் இல்லை, முள் எழுபத்தாறில் சிக்கி நிற்கிறது, வேலை செய்யாது. வேலை செய்யாது என்று எழுதினேன். அது என் கண்முன்னால் வேலை செய்துகொண்டிருக்கிறது.

நான் எழுதினால் எழுதியதுதான். இது வாங்குகிறவர்கள் சொல்வது, நானாகச் சொல்லிக்கொள்வதில்லை. எனக்கு ஆட்களோடு நின்று பேரம் பேச வராது, நாக்கு மேல்வாயில் ஒட்டிக்கொள்ளும், சண்டே மார்க்கெட்டில்கூட வெயில் ஏறுவதற்கு முன்னால் போய், சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு, பையில் போட்டுக்கொண்டு வந்துவிடுவேன். காந்தி வீதியில் மூடின கடைகளுக்கு முன்னால் சட்டையும் செருப்பும் மலையாகக் குவிந்திருக்கும், அந்த வரிசை முடிகிற இடத்தில் சாக்கு விரித்துப் பழைய சாமான் வைத்திருப்பார்கள். எனாமல் தட்டு, கதவுக் கைப்பிடி, சாவி தொலைந்த பூட்டு, பூட்டு தொலைந்த சாவி. இதையெல்லாம் போனில் விற்கலாம் என்று காட்டிக்கொடுத்தவள் என் மகள் சுகந்தி. மருந்துக்கடையில் வேலை செய்கிறாள், லீவு நாளில் வந்து பக்கம் ஆரம்பித்துக் கொடுத்தாள். "பழசுன்னா ஒரு கதை வேணும்ப்பா. கவர்னர் பங்களாவுல இருந்தது, ஜமீன் வீட்டுதுன்னு போடுங்க. எல்லாரும் அப்படித்தான் போடுறாங்க" என்றாள். "யார் வீட்டுதுன்னு எனக்குத் தெரியாதேம்மா." "உங்களுக்கும் தெரியாது, வாங்குறவனுக்கும் தெரியாது, அப்புறம் என்ன?" எனக்கு அது வரவில்லை. எட்டாவது வரை படித்தவனுக்குக் கதை எங்கே வரும். பொருளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து, எங்கே கீறல், எங்கே சாயம் போயிருக்கிறது, எந்தத் திருகு புதுசு என்று உள்ளதை மட்டும் எழுதினேன். ஒருவர் கீழே எழுதியிருந்தார், இந்தப் பெரியவர் பொருளை விற்கிறாரா போஸ்ட்மார்ட்டம் பண்ணுகிறாரா என்று. ஆனால் அவரே அடுத்த வாரம் ஒரு எனாமல் கூஜா வாங்கினார். அசாமுக்கு ஒரு பூட்டு போனது. நான் பார்த்தே இராத ஊர்களில், நான் தொட்டுத் துடைத்த பொருள்களை யாரோ இப்போது தொடுகிறார்கள், அதை நினைத்தாலே எனக்குப் பிரமிப்பாக இருக்கும். இது வரைக்கும் ஒரு பொருள்கூடத் திரும்பி வந்ததில்லை. வாங்கின விலைக்கும் விற்கிற விலைக்கும் நடுவே கிடைப்பதில் என் மாத்திரைகளுக்கு மகளிடம் கை நீட்டாமல் இருக்கிறேன். ஆனாலும் உள்ளுக்குள் கேட்டால், திரும்பி வராததுதான் என் சம்பாத்தியம்.

அதுவும் மீட்டர் விஷயத்தில் நான் தவறுவேன் என்று நான் வேலை பார்த்த மில்லில் ஒருத்தரும் சொல்லமாட்டார்கள். தலைமயிர் கறுப்பாக இருந்த காலம் முழுக்க பாய்லர் அறையில் மீட்டருக்கு எதிரில் உட்கார்ந்திருந்தவன். முள் எங்கே நிற்கிறது என்பதுதான் என் உத்தியோகம். அதனால்தான் இதைச் சாக்கின் மேல் பார்த்த உடனே தெரிந்துவிட்டது, தெரிந்துவிட்டது என்று நினைத்துவிட்டேன். வட்டமான பித்தளை உறை, வெள்ளைத் தட்டு, எண்கள், முள். ஸ்டீம் இல்லாத மீட்டரில் முள் பூஜ்யத்துக்கு வந்து படுத்துவிடும், அது மீட்டரின் குணம். நாய் வாசலுக்கு வருவது மாதிரி வந்துவிடும். இது குழாயும் இல்லாமல் ஸ்டீமும் இல்லாமல் எழுபத்தாறில் நின்றால் என்ன அர்த்தம், உள்ளே ஸ்பிரிங் இறுகிவிட்டது, செத்த மீட்டர். பித்தளை முள்ளைப் பார்த்தேன், இதற்குமேல் ஏற்றாதே என்று எங்கள் மீட்டரில் போட்டிருந்த சிவப்புக் கோட்டுக்குப் பதில் என்று நினைத்தேன். இங்கிலீஷ் மாதிரி வளைவாக எழுதியிருந்த எழுத்துகளைப் பார்த்தேன், செய்த கம்பெனியின் பெயர் என்று நினைத்தேன். ஒவ்வொரு எழுத்தாக விளம்பரத்தில் எழுதவும் எழுதினேன், ஒரு எழுத்தின் தலையில் இருந்த சின்னக் கூரையைக்கூட விடவில்லை. எங்கள் பாய்லர் அறைத் தம்புசாமி மேஸ்திரி இருந்தால் சிரித்திருப்பார். அவர் மீட்டரைத் தட்டவே விடமாட்டார். "தட்டுனா பொய் சொல்லக் கத்துக்கும்டா கலிவரதா" என்பார். வருஷத்துக்கு ஒருமுறை பாய்லர் இன்ஸ்பெக்டர் வரும்போது மட்டும் அவருக்கே வேர்க்கும். இன்ஸ்பெக்டர் ஒரு மரப்பெட்டியோடு வருவார், உள்ளே பச்சை வெல்வெட், வெல்வெட்டில் எங்கள் மீட்டரைச் சரிபார்க்க அவருடைய மீட்டர். எங்கள் மீட்டருக்குப் பக்கத்தில் அதற்கென்றே ஒரு வாய் விட்டிருக்கும், மற்ற நாளெல்லாம் மூடியே கிடக்கும். அதில் அவருடைய மீட்டரை முடுக்கி, ஸ்டீமை மெல்ல ஏற்றுவோம். இரண்டு முள்ளும் பக்கத்தில் பக்கத்தில் ஏறும். அறையில் யாரும் பேசமாட்டோம். எதற்கு இப்போது இன்ஸ்பெக்டர். முள்ளைப் பார். சந்து பெரிதாகியிருக்கிறதா, இல்லை என் கண் நடுங்குகிறதா.

நெஞ்சு காலையிலிருந்தே இறுக்கமாக இருக்கிறது. யாரோ உள்ளிருந்து துணியைப் பிழிகிற மாதிரி. பாய்லர் அறைக் கரி, வேறொன்றும் இல்லை, அது ஒரு நாளும் முழுசாகப் போகாது, ஆனால் சில நாள் அடங்கிக் கிடக்கும், சில நாள் எழுந்து உட்காரும். எழுந்து உட்காருகிற நாளில் மழை வரும். இதை நான் எத்தனையோ பேரிடம் சொல்லிப் பார்த்தேன். டாக்டர் சிரித்தார், "மழைக்கும் நெஞ்சுக்கும் என்ன பெரியவரே, நீங்க மேகத்தைப் பார்த்துட்டு பயப்படுறீங்க" என்றார். மேகம் இல்லாத நாளில்தான் ஐயா என்று சொல்ல வந்தேன், சொல்லவில்லை, அடுத்த ஆள் உள்ளே வந்துவிட்டார். ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன். ஐப்பசி மாதம், ஆனாலும் வானம் கழுவி வைத்த தட்டு மாதிரி இருக்கிறது. பின்பக்கத்துக் கொடியில் தனபாக்கியம் துவைத்ததெல்லாம் தொங்குகிறது, என் வேட்டி இரண்டு, போர்வை, சுகந்தி விட்டுப்போன சுடிதார், தலையணை உறைகள். "தனம், துணியெல்லாம் எடுத்துடேன்." "எதுக்கு?" "மழை வரும்போல இருக்கு." அவள் வெளியே எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். "யார் சொன்னது, உங்க நெஞ்சா?" நான் நெஞ்சைத் தடவிக்கொண்டேன். "போன்ல சூரியன் படம் போட்டிருக்கு பாருங்க. உங்க நெஞ்சை நம்பினா இந்த வீட்டுல ஒரு துணி காயாது. போர்வை இன்னும் ஈரமா இருக்கு, கெடக்கட்டும்." போய்விட்டாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை, நாற்பது வருஷமாக இதைக் கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது புளித்திருக்கும். மழை வந்தால் தற்செயல், வராவிட்டால் என் நெஞ்சு பொய். இறுக்கம். முள் இறங்குகிறது. இரண்டையும் ஒன்றாக நினைக்காதே. நினைத்துவிட்டேன். நெஞ்சு இறுகுகிறது, முள் இறங்குகிறது. இது ஸ்டீம் மீட்டர் இல்லையென்றால் என்ன. வாய் இல்லாத மீட்டர் எதைக் குடிக்கிறது.

அந்த வளைந்த எழுத்துகள் கம்பெனிப் பெயராக இல்லாமல் இருந்தால். இது ஏன் எனக்கு முன்பே தோன்றவில்லை. சுகந்தி ஒருமுறை மருந்துப் பெட்டியில் இருந்த இந்தி எழுத்தின் மேல் போனைக் காட்டி, "இங்க பாருங்கப்பா" என்றாள், எழுத்து கலங்கி, கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்க்கிற மாதிரி, தமிழாகி நின்றது. போனை எடுக்கிறேன். கை வேர்த்து விரல் வழுக்குகிறது. மீட்டருக்கு மேலே பிடிக்கிறேன், என் தலையின் நிழல் விழுகிறது, ஜன்னல் பக்கம் நகர்கிறேன். தட்டில் எழுத்துகள் நடுங்குகின்றன. ஒன்று மாறியது. மழை. வெள்ளைத் தட்டின் மேல், அந்தக் கூரை வைத்த எழுத்துகள் இருந்த வளைவிலேயே ஒன்றுக்குப் பின் ஒன்றாக மாறுகின்றன. புயல். பெருமழை. மழை அல்லது காற்று. மாறும். அதற்கு அப்புறம் எழுபத்தாறுக்கு மேலே, நல்ல வானிலை. மிகவும் வறண்ட. போனை எடுத்துவிட்டுப் பார்த்தேன், பழையபடி வேற்று எழுத்து. வைத்துப் பார்த்தேன், மழை. எஃகு முள் மாறும் என்ற சொல்லை விட்டு மழையின் பக்கமாகக் கிளம்பியிருந்தது. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். பாய்லரில் ஸ்டீம் இரும்புக்கு உள்ளே இருக்கும், நாங்கள் வெளியே இருப்போம், மீட்டர் உள்ளே நடப்பதை வெளியே இருக்கிறவனுக்குச் சொல்லும். அதற்குத்தான் வாய், அதற்குத்தான் குழாய். இது அளப்பது நம்மைச் சுற்றியிருக்கிற காற்றின் அழுத்தத்தை, இதற்கு வாய் வேண்டியதில்லை. எல்லாப் பக்கமும் இதற்கு வாய்தான். வெளியே என்று ஒன்று இல்லை. நானும் தனமும் கொடித் துணியும் தெருவும் சண்டே மார்க்கெட்டும் கடலும் எல்லாம் உள்ளேதான் இருக்கிறோம். இத்தனை காலம் பாய்லருக்கு எதிரில் உட்கார்ந்திருந்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், பாய்லருக்கு உள்ளே உட்கார்ந்திருந்திருக்கிறேன். இது பூஜ்யத்துக்கு வந்து படுக்காது. படுத்தால் நான் இருக்கமாட்டேன். இதைப் போய் செத்த மீட்டர் என்று எழுதினேன். படமெல்லாம் காலை வெளிச்சத்திலேயே எடுத்தேன், ஒரு நாளும் மற்ற நேரத்தில் எடுத்துப் பார்க்கவில்லை, நல்ல வெயில் நாளாகப் பார்த்து எடுத்தேன், ஒரே மாதிரி நாளில் அது ஒரே இடத்தைச் சொல்லிக்கொண்டு நின்றிருக்கிறது. சிக்கி நிற்கிறது என்று நான் எழுதினேன்.

இதை அனுப்பக்கூடாது. இந்த நினைப்பு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, வந்தபோது முழுசாக வந்தது. இதுவரை ஒரு பொருளையும் நான் வேண்டும் என்று நினைத்ததில்லை. துடைப்பேன், எழுதுவேன், சுற்றுவேன், கொடுத்துவிடுவேன். இது சுவரில் இருக்க வேண்டும், கட்டிலுக்கு எதிரில். நெஞ்சு இறுகுகிற நாளில் தலையைத் திருப்பினால் தெரிய வேண்டும். தனத்தைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும், பார், எனக்குப் பைத்தியம் இல்லை. டாக்டரிடம்கூடக் கொண்டுபோகலாம், மடியில் வைத்துக்கொண்டு வரிசையில் உட்காரலாம். அந்த டீச்சருக்குத் தெரிந்திருக்கும். ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருந்தார், தட்டினால் முள் அசைகிறதா என்று. நான் மீட்டரைத் தட்டுவதில்லை என்று எழுதினேன். சரி, எனக்கு வேண்டும் என்று எழுதினார், உடனே பணம் அனுப்பினார், விலையில் ஒரு ரூபாய் குறைக்கச் சொல்லவில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். அவர் தெரிந்தும் சொல்லவில்லை என்றால் நான் மட்டும் ஏன். போன் கையில்தான் இருக்கிறது. ஒரு விரலால் எழுதுகிறேன். அம்மா, பேக் பண்ணும்போது கண்ணாடி உடைந்துவிட்டது. பணத்தைத் திருப்பி அனுப்புகிறேன், மன்னிக்கவும். அவ்வளவுதான். எத்தனை பேர் எழுதுகிற செய்தி இது, கண்ணாடி உடைகிறது, உடையாமலா இருக்கிறது. படித்துப் பார்த்தேன், அரைகுறையாக இருந்தது. எங்கே உடைந்தது என்று இல்லை. நான் எழுதுகிற மாதிரி இல்லை, அவருக்குச் சந்தேகம் வரும். மேல் விளிம்பிலிருந்து கீழ் நோக்கி ஒரு விரிசல் என்று சேர்த்தேன், விரல் நீளம் என்று சேர்த்தேன், எண்களை மறைக்கவில்லை என்று சேர்த்தேன். சரிபார்க்கலாம் என்று தானாகக் கண் மீட்டருக்குப் போனது. மேல் விளிம்பில் கண்ணாடி பளிங்கு மாதிரி இருந்தது. எழுதியதும் பொருளும் ஒத்துப்போகவில்லை. எழுதியதும் பொருளும் ஒத்துப்போக வேண்டுமென்றால் ஒன்று எழுதியதை மாற்ற வேண்டும், இல்லையென்றால். கட்டைவிரலை அந்த இடத்தில் வைத்தேன். பழைய கண்ணாடி, சன்னமாக இருக்கும், சுத்தியல்கூட வேண்டாம், விரலாலேயே ஒரு அழுத்து. உடைத்துவிட்டு அனுப்பினால் அந்தச் செய்தியில் ஒரு பொய்கூட இருக்காது. விரல் கண்ணாடிமேல்தான் இருக்கிறது. குளிர்ச்சியாக இருக்கிறது. விரலுக்குக் கீழே முள் இன்னும் கொஞ்சம் இறங்கியது.

முதலில் வாசனைதான் வந்தது. அப்புறம் ஜன்னல் வெளிச்சம் யாரோ திரை இழுத்த மாதிரி மங்கியது. அப்புறம் அடுத்த வீட்டுத் தகரத்தில் நாலைந்து சொட்டு, எண்ணக்கூடிய சொட்டு, எண்ணிக்கொண்டிருக்கும்போதே எண்ண முடியாமல் போனது. "ஐயையோ துணி" என்று தனம் ஓடுகிறாள். கதவு அடித்துக்கொள்கிறது. நான் எழுந்திருக்கவில்லை. விரலை எடுத்துவிட்டு முள்ளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், நெஞ்சில் கை வைத்துக்கொண்டு. பிழிகிறது. முள் நிற்கிற இடத்தைப் பார். பிழிகிறது. இரண்டும் ஒன்றாகத்தான் வருகின்றன, பக்கத்தில் பக்கத்தில். எனக்குத் திடீரென்று அந்த அறை முழுக்க ஞாபகம் வந்தது, எண்ணெய் நாற்றம், காதில் இரைச்சல், மேஸ்திரி முகத்தில் வேர்வை, இன்ஸ்பெக்டர் குனிந்து இரண்டு மீட்டரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருப்பது. அவர் ஒன்றும் பாராட்டமாட்டார். "உங்க மீட்டர் சரியாத்தான் காட்டுது" என்பார், அதுவே எங்களுக்குத் தீபாவளி. அப்புறம் தன் மீட்டரைக் கழற்றி, துணியால் துடைத்து, வெல்வெட்டில் படுக்கவைத்து, பெட்டியை மூடி எடுத்துக்கொண்டு போய்விடுவார். வாயை அடைத்துவிடுவோம். அது எங்கள் அறையில் ஒரு ராத்திரிகூடத் தங்கியதில்லை. இங்கேயே வைத்துவிட்டுப் போகலாமே ஐயா, எவ்வளவு நல்ல மீட்டர் என்று நான் ஒருமுறை கேட்டேன், சேர்ந்த புதிதில், கூச்சத்தை விட்டு. அவர் ஆச்சரியப்பட்டார். "எதுக்கு? அதான் உங்களோடது சரியா இருக்கே" என்றார். தனம் துணிக் குவியலோடு உள்ளே வருகிறாள், தலை நனைந்திருக்கிறது, போர்வையின் ஒரு முனை தரையில் இழுபடுகிறது. என்னைப் பார்க்கிறாள், என் கை நெஞ்சில் இருப்பதைப் பார்க்கிறாள், மேஜைமேல் இருப்பதைப் பார்க்கிறாள். "சொன்னீங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். குவியலைக் கட்டிலில் போட்டுவிட்டுத் தலை துவட்டப் போனாள். நான் போனை எடுத்து, எழுதியதைக் கடைசி எழுத்திலிருந்து ஒவ்வொன்றாக அழித்தேன். எண்களை மறைக்கவில்லை, விரல் நீளம், விரிசல், கண்ணாடி, அம்மா.

வாங்கியவர்களிடம் நான் பேசியதில்லை, எழுதுவதோடு சரி. எண்ணை அழுத்திவிட்டு, எடுக்காமல் இருந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். எடுத்துவிட்டார். வயதான குரல், வகுப்பில் கடைசி வரிசைக்குக் கேட்கிற குரல். "சொல்லுங்க ஐயா, அனுப்பிட்டீங்களா?" "இல்லைம்மா. நான் எழுதினதுல ஒரு தப்பு இருக்கு. அது ஸ்டீம் மீட்டர் இல்லை. முள்ளு சிக்கி நிக்கலை. நல்லா வேலை செய்யுது. இப்ப இங்க மழை. அதை முன்கூட்டியே சொல்லிடுச்சு." அவர் மெதுவாக, கடைசி வரிசைக்குக் கேட்காத குரலில் பேசினார். "எனக்குத் தெரியும் ஐயா. படத்தைப் பார்த்ததுமே தெரியும், அது பாரோமீட்டர்னு. பூகோளம் எடுத்தவ நான். சொல்லணும்னுதான் நினைச்சேன். நீங்க அதைத் திருத்திப் போட்டா வேற யாராவது கண்ணுல பட்டுடும்னு வாயை மூடிக்கிட்டேன். விலையை மாத்தணும்னா மாத்திக்கங்க." "விலையெல்லாம் சொன்னது சொன்னதுதான்." சொல்லிவிட்டேன், ஆனாலும் போனை வைக்க மனம் வரவில்லை. "எழுபத்தாறுன்னா என்னம்மா அது? ஸ்டீமுக்குச் சொல்ற பவுண்டா?" "பாதரசம் ஐயா. ஒரு கண்ணாடிக் குழாயில பாதரசத்தை எழுபத்தாறு சென்டிமீட்டர் உயரத்துக்குத் தூக்கி நிறுத்துற கனம். அவ்வளவு காத்து நம்ம மேல உட்கார்ந்திருக்கு." நான் எழுந்து நின்று தரையிலிருந்து கையால் அளந்து பார்த்தேன், இடுப்புக்குக் கொஞ்சம் கீழே வரை வருகிற மாதிரி இருந்தது. அவ்வளவு உயரத்துக்குப் பாதரசம், அத்தனையும் என் மேல், இந்தப் போர்வை மேல், தனத்தின் மேல். அவள் அதைச் சுமந்துகொண்டுதான் ஓடித் துணி எடுத்தாள். "உங்க ஊர்ல முள்ளு எங்க நிக்கும்?" என்றேன். சிரித்தார். "இங்க நிக்காதே. மலையில்லையா, மேல ஏற ஏற காத்து குறைச்சல். வண்டி கொண்டை ஊசி வளைவு ஏற ஏற முள்ளு இறங்கிக்கிட்டே வரும். உங்க புயலையும் தாண்டி, எண் போடாத இடத்துக்குப் போயிடும். நான்தான் ஆள் பிடிச்சுச் சரிபண்ணிக்கணும். ஏன் ஐயா, உங்களுக்கு அதை வச்சுக்கணும்னு தோணுதா?" இதைக் கேட்பார் என்று எதிர்பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்தேன், மழை நேராக இறங்கிக்கொண்டிருந்தது. "இல்லைம்மா" என்றேன். "என்கிட்ட ஒண்ணு இருக்கு."

இருசப்பன் ரெக்ஸின் கோட்டோடு வந்து வாசலில் நின்று நீரை உதறினார். "இன்னா பெரியவரே, இன்னும் பேக்கே பண்ணலையா? எப்பவும் எனக்கு முன்னாடி பொட்டி வந்து வாசல்ல உட்கார்ந்திருக்குமே." "கொஞ்சம் இருங்க." குமிழைத் திருகினேன். பித்தளை முள்ளை மெல்லக் கொண்டுவந்து எஃகு முள்ளின் தலைமேல் உட்காரவைத்தேன், இரண்டும் ஒரே முள் போல. படத்துக்காக இல்லை. பெட்டியைத் திறக்கும்போது பித்தளை முள் என் வீட்டில் நிற்கும், எஃகு முள் அவர் மலையில் நிற்கும், நடுவில் இருக்கிற சந்துதான் மலையின் உயரம். பபுள் ஷீட் மூன்று சுற்று, அட்டை, மறுபடி ஷீட், மூலைகளில் காகிதம். ஒவ்வொரு பெட்டியிலும் பழுதைப் பற்றி ஒரு சீட்டு எழுதி வைப்பது வழக்கம், பழைய சீட்டைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். விளிம்பில் அரிசி அளவு நசுங்கல். வேறு பழுது இல்லை. இருசப்பன் எட்டிப் படித்தார். "இவ்ளோதானா? உடம்பு சரியில்லையா உங்களுக்கு?" டேப் ஒட்டி, மேல் பக்கம் எது என்று அம்பு போட்டு, பெட்டியை அவர் கையில் கொடுத்தேன். கோட்டுக்குள் அணைத்து வைத்துக்கொண்டார். "இது ரொம்ப நேரம் பெய்யாது, போன்ல பார்த்தேன்" என்றார். "நின்னு போங்க. இன்னும் இறங்குது." "எது இறங்குது?" பதிலுக்கு அவர் நிற்கவில்லை, வண்டியைக் கிளப்பிக்கொண்டு தெருமுனையில் மழைக்குள் கரைந்துபோனார். அது இப்போது இருட்டில், மூன்று சுற்றுக்கு உள்ளே, யாரும் பார்க்காமல், சொல்லிக்கொண்டே போகிறது. திண்டிவனம் தாண்டியும் சொல்லும். சேலத்தில் மூட்டைகளுக்கு அடியில் கிடந்தாலும் சொல்லும். மலை ஏறுகிறபோது ஒவ்வொரு வளைவிலும் இன்னும் கொஞ்சம் இறங்கும். நான் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன், சாரல் முகத்தில் பட்டது. பின்னால் தனம் கயிற்றுச் சுருளை அவிழ்க்கிற சத்தம். "ஏங்க." திரும்பிப் பார்த்தேன். ஈரத் துணிக் குவியலுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள், ஒரு கையில் கயிறு. முகத்தில் கேலி இல்லை. கேட்கத் தெரியாமல் கேட்கிற மாதிரி கேட்டாள், "விட்டுடுமா, இல்ல உள்ளேயே கொடி கட்டட்டுமா?" போனில் பாரேன் என்று வாய் வரை வந்தது. அவள் போனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நெஞ்சில் கையை வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு, தட்டாமல், அவசரப்படாமல், அது நிற்கிற இடத்தில் நிற்கும்வரை இருந்தேன். "உள்ளேயே கட்டு" என்றேன். கட்டினாள்.